கர்ப்பகால யோகா: சேலத்துக் கேள்விகளுக்குப் பயிற்றுநர் பதில்

ஃபேர்லேண்ட்ஸ், 10-வது வாரம்: இப்பவே வகுப்புல சேரலாமா அக்கா?

12 வாரம் முடியட்டும், 14-ல ஆரம்பிச்சா போதும். வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டும் டாக்டரோட சம்மதமும் வேணும். நஞ்சுக்கொடி கீழிறங்கி கருப்பை வாயை மறைச்சிருந்தா, கருப்பை வாயில தையல் போட்டிருந்தா, ரத்தப்போக்கு இருந்தா, ரத்தக்கொதிப்பு கட்டுக்குள்ள இல்லாட்டி ஆசனம் கிடையாது. மூச்சை வேகமா தள்ளுற கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்குற கும்பகம், இந்த மூணும் யாருக்குமே கிடையாது.

ஹஸ்தம்பட்டி, 6-வது மாதம்: சவாசனத்துல மல்லாந்து படுத்தா கிறுகிறுன்னு வருது.

அப்படிப் படுக்கவே வேண்டாம். 20 வாரத்துக்கு மேல கருப்பையோட பாரம் பின்னால ஓடுற பெருஞ்சிரையை அமுக்கும், இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும். இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க. முழங்கால் நடுவுல தலையணை, வயித்துக்கு அடியில மடிச்ச துண்டு. எழும்போது கையை ஊன்றிப் பக்கவாட்டுல எழணும்.

சூரமங்கலம், 8-வது மாதம்: வலி வரும்போது மூச்சு எப்படி விடணும்?

நல்ல கேள்வி. வகுப்போட பாதிப் பயனே இதுலதான் இருக்கு. மூக்கால 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க. ஒரு மூச்சு பத்து விநாடி. வலி வலுத்த பிறகு ஒரு அலை முக்கால் நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் நிக்கும், அதாவது அஞ்சாறு மூச்சு. அந்தக் கணக்கு மனசுல பதிஞ்சுட்டா பயம் பாதி குறையும்.

வீட்டுல பழக, உள்ளங்கையில ஐஸ் கட்டியை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு ஆறு மூச்சு விடுங்க. அடுத்து சுவத்துல கை வச்சு இடுப்பை ஆட்டிக்கிட்டே, அப்புறம் நாலு கால்ல நின்னுக்கிட்டு. விடுற மூச்சோட தாழ்ந்த குரல்ல 'ம்ம்'னு ஓசை வரட்டும். பல்லைக் கடிக்காதீங்க.

தப்பு எங்க நடக்கும்னா, பயத்துல இழுத்துக்கிட்டே இருப்பாங்க, விடமாட்டாங்க. வேகமா மூச்சு வாங்கினா கரியமில வாயு அளவுக்கு மேல வெளியேறி விரல் மரத்துப்போகும், தலை சுத்தும். மறுபடியும் சொல்றேன், அடக்காதீங்க.

ஏற்காடு, 7-வது மாதம்: வாரம் ரெண்டு நாள் பஸ்ல இறங்கி வரலாமா?

சிக்கல் இல்லாத கர்ப்பம்னா வரலாம். 20 கொண்டை ஊசி வளைவும் குமட்டும், முன் சீட்டுல உட்காருங்க, வெறும் வயித்தோட ஏறாதீங்க. ஒன்பதாம் மாசத்துல மலைமேல தங்குறதா கீழே வர்றதான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ வகுப்பு பத்தியே யோசிக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

ஐந்து ரோடு: யோகா செஞ்சா சுகப்பிரசவம் உறுதியா?

உறுதி இல்லை. குழந்தையோட நிலை, இடுப்பெலும்பு, வலியோட வலு, முந்தைய சிசேரியன் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். யோகா உடம்பையும் மூச்சையும் தயார் செய்யும். சிசேரியன் ஆனா உங்க தப்புன்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க.

கொண்டலாம்பட்டி: என் மருமக காசு கட்டி வகுப்புக்குப் போறா. எங்க காலத்துல ஆட்டுக்கல்லும் கிணத்துத் தண்ணியும்தான். வலி வந்ததும் பெத்துக்கலையா?

பெத்தீங்கம்மா. அந்தக் காலத்துல பிரசவத்துல உயிர் போனவங்களும் இப்பத்தை விட அதிகம், அதையும் சேர்த்துச் சொல்லணும். குந்தி உட்கார்ற பழக்கம் நல்லதுதான், ஒத்துக்கிறேன். இடுப்போட வெளிவாய் கொஞ்சம் விரியும். அதையேதான் வகுப்புல மாலாசனம்னு செய்யுறோம்: முதுகு சுவத்துல, குதிகால் தூக்கினா அடியில மடிச்ச போர்வை, 30 விநாடி, மூணு தடவை. மூலம் இருந்தாலோ குழந்தை தலைகீழா திரும்பலைன்னாலோ வேண்டாம்.

அதே அம்மா: அப்ப வீடு துடைச்சாலே போதுமே?

துடைக்கலாம். ஆனா வேலை செய்யும்போது மூச்சை அடக்கித்தான் தள்ளுவோம், இளைப்பாறவும் கத்துக்க மாட்டோம். மருமகளுக்கு அந்த ரெண்டும்தான் தேவை.

அம்மாபேட்டை, கைத்தறி: நாங்க நாள் முழுக்க தறிக்குழியில கால் தொங்கப்போட்டு மிதிக்கிறோம். அது பயிற்சி ஆகாதா?

ஆகாது. முன்னால கவிழ்ந்த முதுகு, ஒரே மாதிரி மிதி, கால்ல நீர் கட்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து சுவத்தைப் பிடிச்சுக் குதிகாலை 20 தடவை தூக்கி இறக்குங்க. சாயங்காலம் பூனை ஆசனம், அதாவது கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேல வளைச்சு இறக்குறது, பத்துத் தடவை. மாமியார் அம்மா, இதையும் படிங்க.

அழகாபுரம்: முன் இடுப்பெலும்புச் சந்துல குத்துது.

காலை அகட்டுற எந்த ஆசனமும் வேண்டாம். ஒத்தைக் கால்ல நிக்காதீங்க. ஆட்டோவுல முதல்ல உட்கார்ந்து ரெண்டு முழங்காலையும் சேர்த்துத் திரும்புங்க. தசைநார் இப்ப இளகியிருக்கும், வளையுதேன்னு கடைசி வரைக்கும் நீட்டக் கூடாது.

ஜங்ஷன்: 34-வது வாரம், குழந்தை இன்னும் திரும்பலை. எந்த ஆசனம்?

ஆசனம் திருப்பும்னு உறுதியான சான்று இல்லை. நேரம் இருக்கு, தானா திரும்பலாம். 36-37-வது வாரத்துல வெளியிலிருந்து கையால திருப்புறது பத்தி டாக்டரைக் கேளுங்க.

செவ்வாய்ப்பேட்டை: நார்மல் ஆக எந்த ஆசனம்?

ஐந்து ரோட்டுக்குச் சொன்ன பதில்.

குகை: நார்மலுக்கு ஸ்பெஷல் யோகா இருக்கா?

மேலே பாருங்கம்மா.

கோரிமேடு: வகுப்புக்கு முன்னாடி ஒரு தட்டுவடை செட் சாப்பிடலாமா?

காரச் சட்னியோட குனிஞ்சா நெஞ்செரிச்சல் நிச்சயம். ஒரு மணி நேரம் முன்னாடி வாழைப்பழம் போதும். தட்டுவடை வகுப்பு முடிஞ்சு.