போதும் என்று சொன்னவர்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

மாஸ்ரர், வணக்கம்.

சொந்த இடம் விசுவமடு. இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 37. வந்த புதிதில் எடுத்த சம்பளத்தைப் போல மூன்று மடங்கு இப்போது எடுக்கிறேன். வீடும் வாங்கியாயிற்று. ஆனால் சந்தோசம் மூன்று மடங்கு ஆகவில்லை, உண்மையைச் சொன்னால் குறைந்துவிட்டது. ஆண்டுக்கு 75,000 டொலருக்கு மேல் உழைத்தால் அதற்குப் பிறகு சந்தோசம் கூடாது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். சண்டைக் காலத்தில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடையின்போது எங்களிடம் ஒன்றுமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் தோய்த்துக் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையை மாடு சப்பியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சந்தோசம் இப்போது எங்கே? அம்மா இன்னும் விசுவமடுவில்தான். காசு கூட்டி அனுப்பவா என்று கேட்டால், “போதும் தம்பி” என்கிறார். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்பது அவரைப் பார்த்தால்தான் விளங்குகிறது. இப்போது வேலையிடத்தில் இரவு வேலைக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொல்கிறார்கள். சம்பளம் கூடும். மனைவிக்கு விருப்பமில்லை. காசு கூடினால் மனிதருக்குச் சந்தோசம் கூடுமா? நான் போகவா, விடவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வந்து மூன்று கிழமை. ‘அந்தக் காலத்தில் ஒன்றுமில்லாமல் சந்தோசமாக இருந்தோம்’ என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுவார். நான் பதில் போடுவதில்லை. உமது கடிதத்தில் மாடு சட்டையைச் சப்பிய இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த டொலர்க் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அது 2010இல் உளவியலாளர் டானியல் கானமனும் பொருளியலாளர் அங்கஸ் டீட்டனும் எழுதியது. நீர் அதில் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர். நேற்று சிரித்தீரா, கவலைப்பட்டீரா என்று கேட்டபோதுதான் 75,000க்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை. உமது வாழ்க்கைக்கு எத்தனை புள்ளி போடுவீர் என்று கேட்டால், காசு கூடக் கூடப் புள்ளியும் கூடியது. இரண்டும் ஒரே கட்டுரையில்தான் இருந்தன. 2021இல் மத்தியூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர் வேலை செய்யும் 33,000 பேரின் கைத்தொலைபேசிக்கு நினைத்த நினைத்த நேரத்தில் ‘இப்போது எப்படி இருக்கிறீர்?’ என்று கேட்டு அனுப்பிப் பார்த்து, சந்தோசம் அந்தத் தொகையில் நிற்கவில்லை, மேலே போகிறது என்றார். பிறகு அவரும் கானமனும், உளவியலாளர் பார்பரா மெல்லர்ஸை நடுவராக இருத்தி, 2023இல் சேர்ந்தே எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏறிக்கொண்டுதான் போகிறதாம். ஏற்கெனவே ஆகக் கவலையோடு இருக்கிற ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஒரு இலட்சம் டொலர் அளவில் நின்றுவிடுகிறதாம். எதிரும் புதிருமாக எழுதியவர்கள் ஒரு மேசையில் இருந்து எழுதினார்கள் என்பதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரையைப் பிடிக்கும். எங்கட ஆட்களுக்கு அது வராது. நீர் எந்த ஐந்தில் ஒன்று என்பது உமக்குத்தான் தெரியும். விடும்.

எனக்குப் பிரச்சினை உமது எட்டு வயது. 1996இல் உமக்கு எட்டு, எனக்கு இருபத்தெட்டு. மூத்தவள் அப்போது கைக்குழந்தை. நீர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தீர், சரி. போத்தலின் அடியில் பஞ்சு, அந்தப் பஞ்சு குடிக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய். நீர் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் உம்முடைய அம்மா எத்தனை தரம் வந்து திரியைக் குறைத்துவிட்டுப் போனார் என்று ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. மாடு சப்பிய சட்டையை என்ன செய்தார்? திரும்பப் பனம்பழம் பொறுக்கப் போயிருப்பார். அதைப் பிசைந்து, சட்டையில் போட்டுக் கும்மி, அந்த மஞ்சள் வெயிலில் வெளிறும்வரை தடியோடு காவல் இருந்திருப்பார், மறுபடி மாடு வராமல். ஒரு சவர்க்காரக் கட்டி இருந்திருந்தால் கால் மணித்தியால வேலை. நீர் சிரித்தது பிழையில்லை. எட்டு வயதுப் பிள்ளை அதற்குச் சிரிக்காவிட்டால்தான் ஏதோ பிழை. ஆனால் அந்தச் சிரிப்பை 37 வயதில் தூக்கிக்கொண்டு வந்து, காசில்லாதபடியால்தான் சிரித்தோம் என்று கணக்கெழுதுகிறீர் பாரும், அங்கேதான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

உமக்கு மட்டும் ஏசவில்லை. இதே பிழையை நானும் இருபது வருசம் விட்டிருக்கிறேன்.

1996 மார்ச் 17. லாகூரில் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. நாங்கள் அப்போது கிளிநொச்சியில், கரடிப்போக்குப் பக்கம். பற்றறி கண்ணால் காணக் கிடைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டு இருந்தது, அவர்களிடம் ரேடியோ இருந்தது. என்னிடம் சைக்கிள் இருந்தது. முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்தோம். பெடியள் முறை வைத்து மிதியைக் கையால் சுற்றினார்கள். கை சோர்ந்தால் வர்ணனையாளர் கிணற்றுக்குள் போய்விடுவார். வேகம் கூடினால் இரைச்சல். வெல்லப்போவது எங்களை எண்ணெய்க்கு அலையவிட்ட நாட்டின் அணி என்பது முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலில் யாரும் வாய்விட்டுக் கத்தவில்லை. தமிழன் முரளி பந்து போட வந்தபோது மட்டும் கூச்சமில்லாமல் கத்தினோம். பிறகு அரவிந்த டி சில்வா ஆடத் தொடங்கினார். மூன்று விக்கெட் எடுத்த மனிசன், 107 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நிற்கிறார். இதற்கு மேல் யார் வாயை மூடிக்கொண்டிருப்பது?

இடையில் ஒருதரம் மனைவி குசினி வாசலில் வந்து நின்று, “இஞ்சேருங்கோ, போதும், நிப்பாட்டுங்கோ” என்றாள். “ஏன்?” என்றேன். “நேரம் போகுது” என்றாள். ‘இவளுக்குக் கிரிக்கெட் விளங்காது’ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரவை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ‘பற்றறி இல்லை, கரண்ட் இல்லை, ஆனால் அந்தச் சந்தோசம் வருமா?’ என்று முடிப்பேன். உம்முடைய கடிதத்தின் அதே வசனம். 2016இல் ஒருநாள் மருமகனுக்கு இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “உங்களுக்கு அரவிந்த. எனக்கு ரயர்.”

என்ன ரயர் என்று கேட்டேன். வந்து நின்று சொன்னாள். டைனமோ முட்டுகிற பக்கம் ரயர் தேய்ந்து, கறுப்புத் தூள் கண்மை மாதிரி மணலில் கொட்டிக்கொண்டிருந்ததாம். விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும்தான் தன் கண்ணுக்குத் தெரிந்ததாம். அந்த ரயர் ஏற்கெனவே ஒரு பக்கம் வீங்கி, பழைய ரியூப் துண்டை உள்ளே வைத்து நைலோன் நூலால் தைத்தது. அதில்தான் நான் பத்து மைல் பள்ளிக்கூடம் போவது. அதில்தான் விறகு. பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தால் ஆசுப்பத்திரிக்கும் அதில்தான். புது ரயர் என்றால் என்ன விலை, அதற்கு எந்த நகை என்பதுவரை அவள் அங்கே நின்றபடியே கணக்குப் பார்த்திருக்கிறாள். பெடியள் சுற்றச் சுற்ற, அவளுக்குள்ளே அந்தக் கணக்கும் சுற்றியிருக்கிறது. ‘போதும்’ என்று அவள் சொன்னது அதைத்தான்.

அதே வருசம் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது, அக்கராயன் போய்ச் சேர முன்னரே அந்த ரயர் வெடித்தது. பின்னால் அரிசி மூட்டை, முன்னால் பிள்ளை. வெடித்தது டைனமோ தேய்த்த பக்கம்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கோலைத் திணித்து உருட்டிக்கொண்டு போனோம். அப்போதும் எனக்கு விளங்கவில்லை பாரும்!

எல்லோரும் ஒரே மாதிரி ஒன்றுமில்லாமல் இருந்தோம், அதனால் பொறாமை இல்லை, அதுதான் சந்தோசம் என்று நீர் திரும்ப எழுதக்கூடும். பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இலேயே அதற்குக் கிட்டவான ஒன்றைச் சொன்னார்: ஒரு நாட்டுக்குள்ளே காசுள்ளவர் இல்லாதவரைவிடச் சந்தோசமாக இருக்கிறார், ஆனால் நாடே பணக்கார நாடாகிவிட்டாலும் சராசரிச் சந்தோசம் அந்த அளவுக்குக் கூடவில்லை, மனிதர் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் தன்னை அளக்கிறார் என்று. கொஞ்சம் உண்மைதான். 2002இல் யுத்த நிறுத்தத்தோடு கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்து, கடைச் சாமான்கள் வரத் தொடங்கிய பிறகுதான் என் மகள் முதல்முதலாக “ஏனப்பா எங்களிட்ட இல்லை?” என்று கேட்டாள். ஆனால் தடைக் காலத்திலும் எண்ணெய் உள்ள வீடு, இல்லாத வீடு என்று இரண்டு இருந்தன. உமக்கு எட்டு வயது, தெரியாது.

இப்போது உமது அம்மாவின் ‘போதும்’. இதைத்தான் நான் விடப்போவதில்லை.

2022இல் என்ன நடந்தது? மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நீர் அனுப்பிய காசு இங்கே வந்து ரூபாயில் ஊதிப் பெருத்தது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. காசு பெருத்தபோதும் அம்மா போதும் என்றுதான் சொல்லியிருப்பார், விலை பெருத்தபோதும் போதும் என்றுதான் சொல்லியிருப்பார். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், நீர் கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பெண்களின் வாயில் போதும் என்பது வயிற்றைப் பற்றிய சொல்லோ மனதைப் பற்றிய சொல்லோ இல்லை. பிள்ளையை அலைய விடக்கூடாது என்பதற்கான சொல். பந்தியில் இலையை மறித்துக் கையைக் காட்டுவது மாதிரி. அதைப் பிடித்து, பொன்செய்யும் மருந்து என்று பட்டை அடித்து, ஒரு பழமொழிக்குள் அம்மாவை இருத்திவிட்டு நீர் நிம்மதியாகப் படுக்கிறீர். போதுமென்ற மனம் நல்லதுதான். ஆனால் அதை இருக்கிறவன் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாதவரிடம் கண்டு மெச்சக்கூடாது.

சந்தோசத்தை அளந்த ஆய்வுகளை விட எனக்கு நெருக்கமானது ஒன்று இருக்கிறது. 2013இல் வந்தது. அதில் சந்தோசம் என்ற பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்பு ஒருதரம், காசு கைக்கு வந்த பிறகு ஒருதரம் இருத்தி, படத்தில் விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்கிற மாதிரியான சோதனைகளைக் கொடுத்தார்கள். அதே மனிதர், அதே மூளை. அறுவடைக்கு முன்பு பிழை விட்டார்கள், பிறகு நன்றாகச் செய்தார்கள். முப்பது வருசம் படிப்பித்தவனுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. மார்கழியில் உரக்கடைக்காரனுக்கும் உழவுமெசினுக்கும் கடனோடு நிற்கிற தகப்பனைப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால், எந்த இடத்தில் போடுவது என்று என்னைப் பார்ப்பார். அதே ஆள் காலபோக வெள்ளாண்மை வெட்டி, நெல்லு விற்று, பங்குனியில் வந்து கணக்குப் பாடத்தில் புள்ளி ஏன் குறைந்தது என்று என்னோடு சண்டை பிடிப்பார். நான் வாங்கிய ஏச்சுகளில் எனக்குப் பிடித்தது அந்த ஏச்சுத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி நுண்கடன் கம்பனிகளிடம் குழுக்கடன் எடுத்திருந்தாள். தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. கிழமைக்கு மூன்று நாள் யாராவது வருவார்கள். மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பனி என்று சொல்வாள், சொல்லிவிட்டு எங்கள் வாழைகளுக்குள் வந்து நிற்பாள். 2018இல் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுவதாக அறிவித்தது. அவளுடையதில் ஒன்று போனது. மற்ற இரண்டையும் தையலில் உழைத்தும் தமையன் சுவிஸிலிருந்து அனுப்பியும் கட்டி முடித்தாள். கட்டி முடித்த அன்று மத்தியானம், பாயுமில்லாமல் தலையணையுமில்லாமல், எங்கள் விறாந்தைச் சீமெந்தில் வாயைத் திறந்தபடி படுத்து நித்திரை கொண்டாள். தெருவால் இரண்டு மோட்டார் சைக்கிள் போனது. அசையவில்லை. தமையன் அனுப்பிய காசு சந்தோசம் தந்ததா என்று அவளை எழுப்பிக் கேட்டிருக்கலாம்.

இரவு வேலைக்குப் போவதா என்று கேட்டிருந்தீர், மறந்தே போனேன். அதை என்னிடம் கேட்க வேண்டியதில்லை. உமது மனைவி வேண்டாம் என்று சொன்னாரா, போதும் என்று சொன்னாரா? வேண்டாம் என்றால் வேண்டாம்தான். போதும் என்றால் அந்த வீட்டில் எங்கேயோ ஒரு ரயர் தேய்கிறது, எது என்று கேட்டுப் பாரும்.

நேற்று இரவு உமது கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டுக்குச் சிரித்தாள். அம்மா போதும் என்று சொன்ன இடத்தில், “அவவுக்கு இப்ப எத்தினை வயசாம்?” என்று கேட்டாள். நீர் எழுதவில்லை என்றேன்.

“கண் எப்பிடியாம் எண்டு கேட்டு எழுதுங்கோ.”