பேய் என்னதான் செய்தது?

கேள்வி: சென்ற இதழில் வந்த பேய்க் கதையில் பேய் யாரையும் ஒன்றும் செய்யவில்லையே? குவைத்துக்கு வேலைக்குப் போன அம்மாவின் குரல் பழுதான போனில் கேட்கிறது, பிள்ளை அதன் பின்னால் போய்விடுகிறாள். தேயிலைத் தோட்டத்தில் கண்ணீருக்கா பஞ்சம்? பேய்க் கதையிலாவது பயத்தை மட்டும் தரக்கூடாதா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: இருட்டில் பூனை குறுக்கே பாய்ந்தால் வரும் பயம் ஒரு வாய் தேத்தண்ணியோடு போய்விடும். அதற்குக் கதை எதற்கு?

அந்தக் குரல் முதலில் என்ன கேட்கிறது? "சாப்பிட்டியா? என்ன கறி?" அந்த வீட்டில் இதை அவளிடம் கேட்க வேறு ஆள் இல்லை. அப்பாயிக்குக் காது மந்தம். அப்பா பொழுது சாய்ந்து வந்தால் வாயே திறப்பதில்லை. மூன்றாம் இரவு குரல் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அம்மா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது தெரிந்தே, "சொல்லும்மா" என்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது அங்கேதான்.

ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி 1815இல் பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்தார். நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் அது உயிர்பெற்றதாகக் கனவு கண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மறுவருடம், 18 வயதில், 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கினார். அதில் வரும் பூதம் தன்னைப் படைத்தவனிடம் கெஞ்சிக் கேட்பது ஒரு துணையை. நம் காமன் கூத்தில், எரிந்துபோன மன்மதனுக்காக ரதி வைக்கும் ஒப்பாரியை மாசிப் பனியில் உட்கார்ந்து கேட்கிற சனத்துக்கு இந்த ஏக்கம் புதிதா என்ன?

மேல்நாட்டுக் கதைகளில் பேய் ஆளில்லாத பங்களாவில் வரும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அந்த 10க்கு 12 அடி லயன் காம்பராவில் ஆளில்லாத மூலையே கிடையாது; ஒருவர் இருமினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். அத்தனை நெருக்கத்துக்குள் ஒரு பிள்ளை தனித்துப் போவதை எழுதப் பேய்க் கதை நல்ல வடிவம் என்றுதான் நம்புகிறேன். சம்பளத்துக்கும் காணிக்கும் மனு எழுதலாம், போராட வேண்டும். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலையில் கொழுந்தெடுக்கிற தாயின் மனம் கிடந்து அடித்துக்கொள்வதை எந்த மனுவில் எழுதுவீர்கள்?

சரி, அழுகையை மட்டும் கொட்டி அனுப்புகிற கதைகள் என்றால் நானும் உங்கள் கட்சிதான். அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஏங்குகிறாள் என்று எழுதினால் போதாது. அந்த ஏக்கத்துக்காக எதைக் கொடுக்கத் துணிகிறாள் என்று காட்ட வேண்டும். இந்தக் கதை அதைக் காட்டுகிறது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் குரல் ஒன்று கேட்கிறது: "பக்கத்தில் தூங்குறது யாரு?" அவள் தம்பியின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் போலிருக்கிறது. படித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.