சின்னப் பிள்ளைகள் என்றால் சிதேதான்

3 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள், துருக்கிக்கு முதல் பயணம், அங்குள்ள கடற்கரை ஊர்களில் ஒலுதெனிஸா சிதேயா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு சிதேவுக்கு. ஒலுதெனிஸ் படத்தில் ஆளை அள்ளும். ஆனால் அதன் பெரிய கடற்கரையில் கூழாங்கல்தான் அதிகம், நாலு எட்டு வைத்தாலே ஆழம். பக்கத்துக் காயல் அமைதியானது, கட்டணம் உண்டு, கோடையில் கூட்டம் நெரியும். சிதேயில் மணல், கடலும் மெதுவாகத்தான் ஆழமாகும். சின்னது கரையோரம் உட்கார்ந்து வாளியில் மண் அள்ளிக்கொண்டிருக்கும், நீங்களும் மூச்சு விடலாம். வெயில் தணிந்ததும் அப்பல்லோ கோயில் தூண்கள் வரை ஒரு நடை போய் வரலாம்.

ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் காலை பத்து மணிக்குள் கடல், அப்புறம் நாலுக்கு மேல். நடுவில் அறையை விட்டு நகராதீர்கள்.

விலை குறைவு என்று இன்னொரு கடற்கரை ஊரான அலன்யா பக்கம் அறை போட்டால் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே பல ஓட்டல்களுக்கும் கடலுக்கும் நடுவே டி400 நெடுஞ்சாலை ஓடுகிறது. தள்ளுவண்டியோடு சாலையைக் கடப்பது தினசரித் தலைவலி.

அந்தால்யா விமான நிலையத்திலிருந்து சிதேவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். வண்டி பதியும்போதே குழந்தை இருக்கையும் கேட்டுவிடுங்கள்.