வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்பவர்கள் நோட்டில் எழுதி வைக்க வேண்டுமா? கோப்பிலேயே தேதி, நேரம் இருக்கிறதே?

கட்டாயம் எழுத வேண்டும். நீங்கள் புதிதாக ரெக்கார்டர் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் அந்தத் தேதியை இவ்வளவு நம்புகிறீர்கள். பல கருவிகளில் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நாள் போட்டு வைத்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். சரி, தேதி ஒழுங்காகவே இருக்கட்டும், மைக் எந்தத் திசையைப் பார்த்திருந்தது, காற்று எங்கிருந்து அடித்தது என்று எந்தக் கோப்பு சொல்லும்?

எங்கள் சித்தப்பாவுக்குப் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாய்க் கடைமடையில் தென்னந்தோப்பு. 2018 ஐப்பசியில், மழை விட்ட ஓர் இரவில் அங்கே தவளைச் சத்தம் பதிவு செய்தேன். நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்து தோப்பில் பாதிக்கு மேல் வேரோடு சாய்த்துவிட்டது. அப்புறம் ஒருநாள் சித்தப்பா அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டுவிட்டு, "இது எந்த இடம்டா, மோட்டார் கொட்டகைப் பக்கமா?" என்றார். நோட்டை எடுத்து வாசித்தேன்: "இரவு 9.40. வடக்கு வரப்பு. மைக் கிழக்கே, குட்டையைப் பார்த்து. லேசான வாடைக்காற்று. மும்முனை மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. இடதுபக்கம் இரட்டைத் தென்னை, மட்டை உரசுகிறது." அந்த இரண்டும் தாத்தா வைத்தவை, புயலில் போய்விட்டன. சித்தப்பா ஹெட்போனை மறுபடி மாட்டி, இடது காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். அந்த ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால் இடதுபக்கம் உரசுவது எது என்று எனக்கே நினைவிருந்திருக்காது.

அப்போது அரசு கொடுத்த நிவாரணம் மரத்துக்கு 1100 ரூபாய், அதுவும் வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து. நெட்டைத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். கணக்கெடுக்க வந்தவர்கள் சாய்ந்து கிடந்ததை மட்டும் எண்ணிக்கொண்டு போனார்கள், குருத்து முறிந்து நின்றவற்றைக் கேட்கவே இல்லை, தை மாசத்துக்குள் அவையும் பட்டுப்போயின. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"போனிலேயே குறித்துக்கொள்ளலாமே" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: தாராளமாகச் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வயல்வெளி இருட்டில் போன் திரை எரிந்தால் பூச்சி மொய்க்கும், பக்கத்தில் கத்துகிற தவளையும் வாயை மூடிக்கொள்ளும். நான் வைத்திருப்பது சிவப்பு வெளிச்ச டார்ச், பென்சில். சில பேனாக்களின் மை நனைந்தால் கரைந்துவிடும். பதிவைத் தொடங்கும்போதே இடத்தையும் நேரத்தையும் வாயாலும் சொல்லிவிடுங்கள், பின்னால் எந்தக் கோப்புக்கு எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்காது. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள், மைக்கை மடக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.