ஆயில் இன்ஜினைத் தள்ளிவிட்டு பெட்ரோல் பம்பு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, 3 ஏக்கர் நெல்லுக்கு வாய்க்காலில் இருந்து இறைக்கிறேன். பழைய 5 எச்.பி. ஆயில் இன்ஜின் கரும்புகை தள்ளுகிறது. மணிக்கு ஒன்றே முக்கால் லிட்டர் டீசல் குடிக்கிறது. பம்பு வாய் 3 அங்குலம், இரவல் வாங்கிய இரண்டரை அங்குல ஹோஸ் போட்டிருக்கிறேன். கடைக்காரர், "இதே 5 எச்.பி.யில் பெட்ரோல் இன்ஜின், ஒரே ஆள் தூக்கலாம்" என்கிறார். மாற்றிவிடலாமா? – ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி.

பதில்: வேண்டாம். உங்கள் இன்ஜின் அந்த 5 எச்.பி.யை நிமிடத்துக்கு 1500 சுற்றில் தருகிறது. கடைக்காரர் காட்டுவது 3600 சுற்றில் அளந்த உச்சம். நாள் முழுக்க அப்படி ஓட்டினால் தாங்காது. உங்கள் பம்பையும் அதில் நேரடியாக மாட்ட முடியாது, புதுப் பம்பும் வாங்கவேண்டும். அதை அவர் சொல்லியிருக்க மாட்டார். எடை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் முழு லோடில் மணிக்கு 2 லிட்டர் பெட்ரோல் போகும். நல்ல நிலையில் உள்ள ஆயில் இன்ஜினுக்கு 1 முதல் ஒன்றேகால் லிட்டர் டீசல் போதும்.

கரும்புகைக்கு ஏர் கிளீனரைக் கழுவி, டீசலைப் பீச்சும் நாசிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். புகை குறையும் என்று மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவரை வயல் பக்கமே விடாதீர்கள். இன்ஜினுக்குள் டீசலைச் செலுத்தும் பம்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் அது தேய்ந்துவிடும்.

சரி, மணிக்கு எவ்வளவு என்பதை விடுங்கள். ஒரு ஏக்கர் நனைய எத்தனை லிட்டர் ஆகிறது என்று பார்த்தீர்களா? அங்கேதான் உங்கள் பணம் போகிறது. 3 அங்குலத்தில் போகவேண்டிய தண்ணீரை இரண்டரை அங்குலத்தில் தள்ளினால் குழாய் உராய்வு சுமார் இரண்டரை மடங்கு. இன்ஜின் உறுமும், தண்ணீர் குறையும். இரவல் ஹோஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீரை இழுக்கும் சக்‌ஷனுக்கும் வெளியே தள்ளும் டெலிவரிக்கும் 3 அங்குல பி.வி.சி. பைப் போடுங்கள். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சக்‌ஷன் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் பாசி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டெலிவரி முனையை ஆள் உயரத்துக்குத் தூக்கி அருவி மாதிரி கொட்டவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பார்க்க அழகுதான், ஆனால் வரப்புக்கு மேலே ஏற்றும் ஒவ்வொரு அடியும் வீண் டீசல். முனையை வாய்மடையிலேயே படுக்கவிடுங்கள்.

பெட்ரோல் இன்ஜின் பவர் ஸ்பிரேயருக்கும் களையெடுக்கும் கருவிக்கும் பொருத்தம். அதற்கு வாங்கினாலும், வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்து கார்புரேட்டரைக் கெடுத்துவிடும்.