எரிஞ்ச பாலத்தைத் திரும்பக் கட்டினால் அது பழைய பாலமா?

கேள்வி: லுசேர்ன் நகரத்து கப்பெல்புரூக்கே மரப்பாலம் 1993இல் எரிந்துபோய்த் திரும்பக் கட்டியதுதானே? அதை 14ஆம் நூற்றாண்டுப் பாலம் என்று காட்டுவது ஏமாற்று இல்லையா?

நீங்கள் சுவிஸ் சுத்திப் பாக்க வந்து, பஸ்ஸால இறங்கி, வழிகாட்டி "எரிஞ்சது" எண்டவுடன முகம் சுருங்கின ஆளா இருக்கவேணும். அரை மணித்தியாலம்தான் தந்திருப்பினம். கோபம் வரும்தான். ஆனா "ஏமாற்று" எண்ட சொல்லு எனக்குக் குத்தினது. அந்தப் பாலத்தில நடக்க ஒருத்தரும் ஒரு சதமும் வாங்கிறேல்லை எண்டதை முதல்ல சொல்லிப்போட்டு என்ர கதைக்கு வாறன்.

அப்ப நான் ஆத்தங்கரைப் பக்கமா ஒரு றெஸ்டோரண்டில கோப்பை கழுவினனான். வந்து ரெண்டு வருசம், அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடக்குது. ஆகஸ்ட் 17ஆம் தேதி வேலை முடிய நடுச்சாமம் தாண்டியிட்டுது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் ஆறு செம்மஞ்சளா இருக்கு. நெருப்பை முதல்ல தண்ணியிலதான் பாத்தனான், பேந்துதான் நிமிந்து பாலத்தைப் பாத்தது. ஓடு வெடிச்சு ஆத்துக்குள்ள விழ விழ "சுர்" எண்டு சத்தம். நூற்றாண்டுக்கணக்கா மழை படாமக் காய்ஞ்ச மரம், மேல மூடின கூரை. ஊதுகுழலுக்குள்ள போன மாதிரி நெருப்பு நீளத்துக்கு ஓடினது. கீழ கட்டியிருந்த படகு ஒண்டிலயிருந்து பிடிச்சதெண்டும், சிகரெட் நெருப்பா இருக்கலாமெண்டும் பேந்து கதைச்சினம்.

எங்கட குசினிக்காரர், அறுபது வயசு மனிசன், ஏப்ரனோட நிண்டு அழுதார். நான் அழேல்லை. 81ல யாழ்ப்பாணத்தில நூலகம் எரிஞ்சதைப் பாத்த கண். (ரெண்டையும் ஒப்பிடுறன் எண்டு ஆரும் சண்டைக்கு வரவேண்டாம். அது கொளுத்தினது. இது கவனக்குறைவு.)

விடியப் பாத்தால் ரெண்டு கரையிலயும் பாலத்தின்ர நுனி மட்டும் மிச்சம். பாலத்தோட ஒட்டி ஆத்துக்குள்ள இருக்கிற எட்டுப்பட்டைக் கல்லுக் கோபுரம் அப்பிடியே நிக்குது. 1994 ஏப்ரல் 14 பாலத்தைத் திரும்பத் திறந்திட்டினம், எட்டு மாசம் முழுசா ஆகேல்லை. அதே இடம், அதே வளைவு, மரத்தாலயே.

"எல்லாம் புது மரம்தானே" எண்டு கேப்பீங்கள். மரப்பாலத்துக்கு ஏன் கூரை போடுறது எண்டு யோசிச்சனீங்களோ? கூரையில்லாத பாலத்தில பொருத்துகளுக்குள்ள தண்ணி ஊறி, பத்திருபது வருசத்தில உக்கத் தொடங்கியிடும். கூரை இருந்தால் மழையை ஓடு வாங்கும், சுமக்கிற உத்தரம் காய்ஞ்சபடி கிடக்கும். ஓடு உடைஞ்சால் மாத்தலாம், கால் பட்டுத் தேய்ஞ்ச பலகையையும் மாத்தலாம். மரப்பாலம் எண்டால் அப்பிடி மாத்தி மாத்தித்தான் நிலைக்கும். எரியிறதுக்கு முதலும் அது 14ஆம் நூற்றாண்டில நிண்ட மாதிரியே நிண்டதெண்டு நினைக்காதேங்கோ. முந்தி இன்னும் நீளம். 19ஆம் நூற்றாண்டில கரையை நிரப்பக் குறுகி, இப்ப 200 மீற்றர் சொச்சம்.

ஒரு விசயத்தில உங்கட பக்கம்தான் நான். கூரைக்குக் கீழ முக்கோணப் பலகைகளில இருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். நகரத்தின்ர கதை, புனிதர்களின்ர கதை. பாலத்தில இருந்ததில மூண்டில ரெண்டு பங்கு போயிட்டுது, முழுசாத் திருத்தி எடுத்தது 30தான். அதை எந்தத் தச்சனாலயும் திருப்பித் தர ஏலாது. பழைய ஓவியம்தான் பாக்கவேணுமெண்டால் கொஞ்சம் கீழ நடந்து ஸ்புரோயர்புரூக்கேக்குப் போங்கோ. அதுவும் கூரைப் பாலம்தான். அங்க சாவு ஒவ்வொருத்தரையா, ராசாவையும் விடாமல், கூட்டிக்கொண்டு போற ஓவிய வரிசை இருக்கு. சுற்றுலா பஸ்காரர் அங்க கூட்டிக்கொண்டு போறது குறைவு.

இனிச் சொல்லப்போறது கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட ஊர்க் கோயிலில ஒரு வசந்த மண்டபம் இருந்தது. பனஞ்சிலாகைக் கூரை, மரத்தூண், தூணில கிளி செதுக்கியிருக்கும். நெருப்பும் பிடிக்கேல்லை, செல்லும் விழேல்லை. பத்து வருசத்துக்கு முதல் திருப்பணிச் சபை அதை இடிச்சுப்போட்டு கொங்கிறீட் போட்டு டைல்ஸ் ஒட்டினது. எதிர்த்துக் கத்தலாமெண்டால், அதுக்கு 500 பிராங் அனுப்பினவன் நான். "திருப்பணி" எண்டால் திருத்துறது எண்டுதான் விளங்கினனான். இடிக்க முதல் ஒருத்தரும் அளவெடுக்கேல்லை, தச்சனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. வெளிநாட்டில இருந்துகொண்டு கதைக்கிறது லேசு எண்டு சொல்லுவீங்கள். சொல்லுங்கோ, ஊரில இருக்கிற தம்பியும் அதைத்தான் சொன்னவன்.

பழைய மண்டபத்தின்ர படம் ஒண்டாவது இருந்தால் அனுப்புங்கோ எண்டு செயலாளருக்கு எழுதினன். புது மண்டபத்தின்ர படம் வந்தது, உபயகாரர் பேர் வெட்டின கருங்கல்லோட. மூண்டாவது வரியில என்ர பேர், எழுத்துப் பிழையோட.