கொலையாளி பெயரை வேனில் சொன்னவன்

அன்புள்ள அக்காவுக்கு,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மணலியில் ஷிப்ட் வேலை. கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் மொபைலில் வெப் சீரிஸ் பார்ப்பேன். போன மாதம் ‘சுழல்’ முதல் சீசனில் ஐந்து எபிசோட் முடித்திருந்தேன். பக்கத்து சீட் நண்பன் எட்டிப் பார்த்து, “இன்னும் இத்தையா பாத்துனுகிற? அது …… தான்டா” என்று பெயரையே சொல்லிவிட்டான். சண்டையாகி இப்போது பேச்சுவார்த்தை இல்லை. “வந்து வருஷக்கணக்காச்சு, நீ பாக்காதது என் தப்பா?” என்கிறான். முடிவு தெரிந்தால் கதை இன்னும் ரசிக்கும் என்று ஆராய்ச்சியே இருக்கிறது என லிங்க் வேறு அனுப்பினான். என் அம்மாவும் தினமும் வாசலில் உட்கார்ந்து சீரியல் கதையை ஒப்பிக்கிறார். அது பரவாயில்லை, சீரியலில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஒரு சீரிஸ் வந்து எத்தனை நாள் கழித்து முடிவைச் சொல்லலாம்? நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

கடிதத்தில் புள்ளி வைத்த இடத்தில் நீங்கள் கொலையாளியின் பெயரை முழுசாக எழுதியிருந்தீர்கள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் பிழைத்தேன். நண்பன் மேல் இருக்கும் கோபத்தை மனதில் வைத்து இதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நாள் கணக்கு என்னிடம் இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கில சீரிஸ் வாரத்துக்கு ஒரு எபிசோடாக வந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றார்கள், அங்கே ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பேச இடமிருந்தது. ‘சுழல்’ 2022 ஜூனில் எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தவன் விடிவதற்குள் முடித்துவிட்டான். ஹார்பர் கேட் பாஸுக்காக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் டிரைவர், கேபினுக்குள் போனைச் சாய்த்து வைத்து அரை எபிசோட் பார்ப்பார். வரிசை நகர்ந்தால் நிறுத்திவிடுவார். அவருக்கு எட்டு எபிசோட் முடிய ஒரு மாதம் ஆகும். “மூன்று நாள் கழித்துச் சொல்லலாம்” என்கிற சட்டமெல்லாம் சனி, ஞாயிறு லீவு இருக்கிறவர்கள் போட்டது.

அந்த ஆராய்ச்சியும் உண்மைதான். 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் செய்தது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதை படிக்கக் கொடுத்தார்கள், படித்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே ரசித்ததாகச் சொன்னார்கள். கொடுத்ததெல்லாம் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற சிறுகதைகள். 2015இல் வேறு இருவர் செய்த ஆய்வில் இதற்கு நேர்மாறாக வந்தது. அந்த லிங்க்கை உங்கள் நண்பன் அனுப்பியிருக்க மாட்டான். எப்படியும் ‘சுழல்’ மாதிரி ஒரு கதையில் எபிசோடுக்கு ஓர் ஆள் மேல் சந்தேகப்படுவதுதான் நமக்குக் கொடுத்த வேலை. பெயர் தெரிந்த பிறகு அந்த வேலை போய்விடுகிறது. உங்கள் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் சீரியலில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு தகராறு. ‘எதிர்நீச்சல்’ ஓடிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்குப் போகும் என்று தெருவே பேசியது. ஆதி குணசேகரனைத் திட்டாத வீடு கிடையாது. 2023 செப்டம்பரில், குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தபோது, அவரைத் தினமும் திட்டிக்கொண்டிருந்த அதே பெண்கள்தான் சொந்தக்காரர் செத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து என்ன என்பதை அந்த சீரியலில் யாரும் பெரிதாக மறைக்கவில்லை, சேனலே புரோமோவில் பாதியைக் காட்டிவிடும். குணசேகரன் கத்தப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு மருமகள் நந்தினி என்ன பதில் கொடுக்கப்போகிறாள், எந்த முகத்தோடு கொடுக்கப்போகிறாள் என்பதற்குத்தான் காத்திருந்தார்கள். அதை வாயால் சொல்லிக் கெடுக்க முடியாது. நன்றாக நடித்துக் காட்டினால் கூடுதல் ருசி.

நம்ம ஏரியாவில் அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. காசிமேட்டில் விடிவதற்கு முன்னாலேயே ஏலம். மீன் எடுத்து விற்கிற பெண்கள் ராத்திரி ஒன்பதரை மணி சீரியலை எங்கே பார்ப்பது? எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். மறுநாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மத்தியானம் வாசலில் உட்காரும்போது, பார்த்தவர் சொல்லுவார். என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இதில் கில்லாடி. குணசேகரன் குரல், மாமியார் மூக்குச் சிந்துவது, விளம்பரம் எங்கே வந்தது, எல்லாம் இருக்கும். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருத்தியாகக் கேட்பார்: “உனுக்கு எது வரிக்கும் தெரியும்?” செவ்வாய்க்கிழமையோடு நின்றவளுக்காகப் புதன்கிழமையிலிருந்து வரும். “இத்த நானே பாத்துக்கிறேன், சொல்லாதே” என்று எவளாவது சொன்னால் அவள் எழுந்து போகும்வரை பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். உங்கள் அம்மா எப்படி ஆரம்பிக்கிறார் என்று ஒருநாள் கவனியுங்கள். உங்கள் நண்பன் கேட்கத் தவறிய கேள்வி அவர் வாயில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மூன்றாம் சீசனில் ஒரு கல்யாணம் வரும், 2013இல் ஒளிபரப்பானது. அதன் மூல நாவல் 2000த்திலேயே வந்துவிட்டது. படித்தவர்களுக்கு அந்தப் பந்தியில் என்ன நடக்கும் என்று 13 வருடமாகத் தெரியும். அவர்களில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டாரின் முகத்தைத் திருட்டுத்தனமாக வீடியோ எடுத்தார்கள். அலறல், தலையணைக்குள் முகம், திறந்த வாய் மூடாமல் ஒருவர். தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிற முழு லாபம் அதுதான். உங்கள் நண்பன் ஒரு பெயரைச் சொல்லி, மூன்று எபிசோட் முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்கிற வாய்ப்பை இழந்தான். நஷ்டம் அவனுக்கும்தான்.

நீங்களும் வேனில் யாரும் எதுவும் பேசக்கூடாது என்று உட்காராதீர்கள். பார்த்து முடித்தவனுக்குப் பேசாமல் இருக்க முடியாது, வயிறு உப்பிவிடும். பாதியில் இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு “நான் அஞ்சாவதுல இருக்கேன்” என்று சொல்லிவிடுங்கள், அவன் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வான்.

மிச்ச மூன்று எபிசோடையும் விட்டுவிட வேண்டாம். யார் என்பதுதான் போனது, ஏன் என்பது இன்னும் இருக்கிறது. இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதை நீங்கள் முதலில் முடித்துவிட்டு அவனிடம் பழி வாங்கலாம் என்று தோன்றும். விசாரித்துவிட்டுச் செய்யுங்கள், அவன் அதையும் எப்போதோ முடித்திருப்பான்.

அன்புடன்,
அக்கா